கைக்குள் ஒரு மணிக்கூடு

ஓட்டப் பந்தயத்தைக் காணச் செல்பவர்கள் தேடுவது, யார் முன்னே ஓடுகிறார், யார் அவரைத் துரத்துகிறார் என்பதையே. ஓடுகிறவர்களின் கவனமும் பெரும்பாலும் அவ்வாறே அமையும். பக்கத்தில் ஓடுபவன் விரைந்தால் தானும் விரைவான். அவன் தளர்ந்தால் தானும் சற்றே மூச்சு விடுவான். 1920ஆம் ஆண்டுகளில் ஐரோப்பிய மைதானங்களில் ஓடிய பின்லாந்துக்காரர் ஒருவர் மட்டும் இவ்வழக்கத்துக்குப் புறம்பானவராய் இருந்தார். முன்னே ஓடுபவரை அவர் பொருட்படுத்தியதில்லை; பின்னே வருபவரைத் திரும்பிப் பார்த்ததும் அரிது. சுற்றுக்குச் சுற்று அவர் பார்வை தம் உள்ளங்கையிற் சென்று படியும். அங்கே ஒரு மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கும்.

பாவோ நூர்மி என்பது அவர் பெயர். மூன்று ஒலிம்பிக் விழாக்களில் 9 தங்கப் பதக்கங்களும் 3 வெள்ளிப் பதக்கங்களும் பெற்றவர். 1500 மீற்றர் முதல் 20 கிலோமீற்றர் வரையான தூரங்களில் 22 உலக சாதனைகளை நிலைநாட்டியவர். ஆயினும் பதக்கக் கணக்கைச் சொன்னதோடு அவரை விட்டுவிடுவது நியாயமாகாது. தம் உடல் தாங்கக்கூடிய வேகத்தின் எல்லை எது என்று அளந்தறிந்து, அதனைத் தாண்டாமலும் அதனின்று பின்வாங்காமலும் ஓடுவது எப்படி என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர்களுள் அவர் முன்னணியில் நிற்பவர். நீள்தூர ஓட்டப் பயிற்சியில் இன்று எல்லை வேக ஓட்டம் என்றும், டெம்போ ஓட்டம் என்றும் பேசப்படும் முறைகளின் பொருளை அறிய விரும்புவோர்க்கு, அவர் வாழ்க்கையைப் போல் விளக்கமான உரை வேறில்லை.

நூர்மி 1897ஆம் ஆண்டு ஜூன் 13ஆந் திகதி தூர்க்கு என்னும் துறைமுக நகரிற் பிறந்தார். பின்லாந்து அப்போது ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் தச்சுத் தொழிலாளி. அவர் 1910இல் காலமானதும் குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. வீட்டின் சமையலறையை இன்னொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுத் தாயும் பிள்ளைகளும் ஒரே அறையில் ஒடுங்கினர். படிப்பிற் கெட்டிக்காரனாயிருந்த பாவோ 12 வயதிலேயே பள்ளியை விட்டு, பாண் சுடும் பேக்கரி ஒன்றில் ஏவலாளாகச் சேர்ந்தான். பாரமேற்றிய கைவண்டிகளைத் தூர்க்கு நகரின் செங்குத்தான தெருக்களில் தள்ளிச் செல்வது அவன் வேலை. தம் முதுகுக்கும் கால்களுக்கும் வலுவூட்டியது அந்த வண்டியே என்று பிற்காலத்தில் அவர் நம்பினார். வறுமையைப் புகழ்வதற்காக இதனைச் சொல்லவில்லை. அந்த வண்டியைத் தள்ளிய பிள்ளைகள் எத்தனையோ பேர், நூர்மி ஆனவர் ஒருவரே.

1912இல் ஸ்ரொக்ஹோம் நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவில் ஹன்னஸ் கோலெமைனன் என்ற பின்லாந்து வீரர் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். வென்றவர் பின்லாந்துக்காரர், உயர்ந்ததோ ருஷ்யக் கொடி. அந்தக் காட்சி ஒரு தேசத்தின் நெஞ்சிலே தைத்தது. தூர்க்குவில் 15 வயதுச் சிறுவனொருவன் சில நாட்களுள் தன் முதல் ஓட்டச் சப்பாத்தை வாங்கினான்.

கோடையில் காட்டுவழி ஓட்டம், மாரியில் பனிச்சறுக்கல், ஆண்டு முழுவதும் நெடுநடை என்பனவே அவனுடைய ஆரம்பகாலப் பயிற்சி. 1914இல் ஊர் விளையாட்டுக் கழகத்தில் சேர்ந்தான். 1917இல் பின்லாந்து சுதந்திரம் பெற்றது. அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டு நாட்டை இரண்டாகப் பிளந்தது. நூர்மி எந்தப் பக்கமும் சேராமல் தம் வேலையையும் ஓட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். 1919இல் கட்டாய இராணுவ சேவைக்குச் சென்றபோதுதான் அவர் பெயர் வெளியே தெரியத் தொடங்கியது. துப்பாக்கியும் தோட்டாப் பட்டியும் 5 கிலோ மணல் நிரப்பிய முதுகுப் பையும் சுமந்து 20 கிலோமீற்றர் தூரம் அணிநடை போகும் போட்டி ஒன்றில், மற்றவர்கள் நடக்க, அவர் முழுத்தூரத்தையும் ஓடியே கடந்தார். குறுக்கு வழியால் வந்திருப்பார் என்று அதிகாரிகள் சந்தேகித்தார்களாம்.

1920இல் பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் நகரில் அவருக்கு முதல் ஒலிம்பிக் வாய்ப்புக் கிடைத்தது. 5000 மீற்றர் ஓட்டத்தில் எதிரியைக் களைப்புறச் செய்யும் எண்ணத்தோடு முன்னணியில் ஓடிய நூர்மியை, பிரான்சு நாட்டு ஜோசப் கீயமோ இறுதியில் முந்திச் சென்றார். மூன்று நாள் கழித்து நடந்த 10,000 மீற்றர் ஓட்டத்தில் நூர்மி அவசரப்படாது பொறுத்திருந்து அதே கீயமோவை வென்றார். குறுக்குநில ஓட்டத்தில் தனியாளாகவும் குழுவாகவும் மேலும் இரு தங்கங்கள் கிடைத்தன. மூன்று வெற்றிகளிலும் பார்க்க அந்த ஒரு தோல்வியே அவர் சிந்தையைக் கிளறியது என்று கருத இடமுண்டு. வலிமை அவரிடம் குறைவாயிருக்கவில்லை. அதனைச் செலவிட்ட விதமே பிழைத்தது. அதன் பின் வந்த ஆண்டுகளில் மணிக்கூடு அவர் கையை விட்டு நீங்கவில்லை.

எந்தப் பாடசாலையின் விளையாட்டுப் போட்டியிலும் இதனைக் காணலாம். மைல் ஓட்டத்தின் முதற் சுற்றில் கைதட்டலுக்கிடையே பாய்ந்து செல்லும் சிறுவன் மூன்றாஞ் சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறான். முதலில் ஈட்டிய விநாடிகளிலும் பிற்பாடு இழந்த விநாடிகள் பன்மடங்காகி விடுகின்றன. நடந்தது என்ன? அளவான வேகத்தில் ஓடும்போது தசைகளுக்கு வேண்டிய சக்தியை, மூச்சோடு வரும் ஒட்சிசனின் உதவியால் உடல் பெற்றுக்கொள்கிறது. அப்போதும் லக்டிக் அமிலம் என்னும் பொருள் தசைகளில் உண்டாகாமலில்லை. உண்டாகும் அளவுக்கு அது எரிக்கப்பட்டும் விடுகிறது. வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் வரவு செலவை மிஞ்சுகிறது. இரத்தத்தில் அப்பொருள் ஏறிக்கொண்டே போகிறது, அதனோடு சேர்ந்து தசைகளில் அமிலத்தன்மை பெருகுகிறது, மூச்சு இரைக்கிறது, கால் கனக்கிறது. அந்த எல்லைக்கு மேலே கொஞ்சநேரம் பாய்ந்தால் உண்டாகும் கடனை, எல்லைக்குக் கீழே அதே அளவு நேரம் தாழ்ந்து ஓடி அடைத்துவிட முடியாது. ஆகவே சமவேகத்தில் ஓடுபவனே மிகக் குறைந்த செலவில் மிக விரைவாகப் போய்ச் சேருவான்.

நூர்மி மைதானத்திலே இதனை மணிக்கூட்டால் தேடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இங்கிலாந்தில் ஏ. வி. ஹில் என்ற விஞ்ஞானி ஓடுபவரின் மூச்சைப் பைகளிற் பிடித்து ஒட்சிசன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். 1922ஆம் ஆண்டுக்கான வைத்திய நோபல் பரிசை ஒற்றோ மயர்கொவ் என்பவரோடு பகிர்ந்துகொண்டவர் இவர். பேக்கரிப் பையனும் பேராசிரியரும் ஒரே வினாவை இரு திசைகளிலிருந்து அணுகினார்கள் என்பது சுவையான ஒற்றுமை. லக்டிக் அமிலத்தை வெறும் நஞ்சென்று அக்காலத்தவர் எண்ணினர். அது தசைகளும் இருதயமும் எரித்துப் பயன்பெறும் எரிபொருளுமாகும் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

1923இல் ஸ்ரொக்ஹோமில் சுவீடன் வீரர் எட்வின் வீடேயுடன் ஓடிய நூர்மி, ஒரு மைல் தூரத்தை 4 நிமிடம் 10.4 விநாடியிற் கடந்து உலக சாதனை படைத்தார். அடுத்த ஆண்டு ஒலிம்பிக் விழாவுக்கு அவர் செய்த பயிற்சியின் விவரம் கிடைத்திருக்கிறது. காலையில் 10 முதல் 12 கிலோமீற்றர் வரை நடை, இடையிடையே சிறிது ஓட்டம். ஒரு மணி நேரத்தின் பின் 80 முதல் 120 மீற்றர் வரையான நாலைந்து விரைவோட்டங்கள். அதன் பின் 400 முதல் 1000 மீற்றர் வரை மணிக்கூடு பார்த்து ஓர் ஓட்டம். அதற்கும் பின் 3000 முதல் 4000 மீற்றர், கடைசிச் சுற்று மிக விரைவாக. மாலையில் 4000 முதல் 7000 மீற்றர் வரை காட்டுவழி ஓட்டம். அதன் முடிவு எப்போதும் வேகமாயிருக்கும். இந்த மாலை ஓட்டத்தை இன்றைய பயிற்சியாளர் ஒருவரிடம் காட்டினால், படிப்படியாக வேகமேற்றும் டெம்போ ஓட்டம் என்று உடனே இனங்காண்பார். நூர்மியிடம் அதற்குப் பெயரில்லை. அளவு மட்டும் இருந்தது.

1924இன் பாரிஸ் விழா நிகழ்ச்சிநிரலில் 1500 மீற்றர் இறுதிப் போட்டியும் 5000 மீற்றர் இறுதிப் போட்டியும் ஜூலை 10ஆந் திகதி ஒரே பிற்பகலில், இரண்டு மணி நேரத்துக்கும் குறைந்த இடைவெளியில் அமைந்துவிட்டன. நூர்மி அதற்கு முன்பே, ஜூன் 19ஆந் திகதி ஹெல்சிங்கியில் ஒத்திகை பார்த்தார். ஒரு மணி நேரத்துக்குள் இவ்விரு தூரங்களையும் ஓடி இரண்டிலும் உலக சாதனை நிறுவினார்: 3 நிமிடம் 52.6 விநாடி, 14 நிமிடம் 28.2 விநாடி. இதன் பின் பாரிஸில் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே 1500 மீற்றரை 3 நிமிடம் 53.6 விநாடியில் வென்றார். முடிவில், அடுத்த ஓட்டத்துக்காகச் சக்தியை மிச்சம் பிடித்து வேகத்தைத் தளர்த்தியும் கொண்டார். 5000 மீற்றரில் வீடேயும் சக நாட்டவரான வில்லே ரித்தோலாவும், அவர் களைத்திருப்பார் என்று எண்ணித் தொடக்கத்திலேயே வேகத்தைக் கூட்டினர். நூர்மி அந்த வலையில் விழவில்லை. தமக்குரிய வேகத்தில் ஓடினார். அவர்கள் தாமாகவே திரும்பி வந்து அவர் கைக்குள் அகப்பட்டனர். இறுதிக் கட்டத்தில் மணிக்கூட்டைப் புல்தரையில் எறிந்துவிட்டு ஓடி, 14 நிமிடம் 31.2 விநாடியில் முடித்தார். ரித்தோலா பின்தங்கியது 0.2 விநாடி மட்டுமே.

இரு நாட்களின் பின் நடந்த குறுக்குநில ஓட்டம் விளையாட்டு வரலாற்றின் துயர அத்தியாயங்களுள் ஒன்று. கொடும் வெயில், புறப்பட்ட 38 பேரில் ஓடி முடித்தவர் 15 பேரே. பலர் வழியில் மயங்கி வீழ்ந்தனர். சிலர் மைதானத்துக்குள் வந்தும் திசைதெரியாது தடுமாறினர். நூர்மி ஏறத்தாழ ஒன்றரை நிமிட முந்துதலோடு அமைதியாக வந்து சேர்ந்தார். ஓடி முடித்தவர்களுள்ளும் தம் எல்லையை அறிந்து ஓடியவர் அவர் ஒருவர்தானோ என்று எண்ணத் தோன்றுகிறது. மறுநாள் 3000 மீற்றர் குழு ஓட்டத்திலும் வென்று தங்கப் பதக்கங்களை ஐந்தாக்கினார். 10,000 மீற்றரில் மட்டும் அவரை ஓட நாட்டு அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. ரித்தோலா அதனை உலக சாதனையுடன் வென்றார். நூர்மி வாய்திறந்து வாதாடவில்லை. ஆகஸ்ட் 31ஆந் திகதி குவோப்பியோ நகரில் 10,000 மீற்றரை 30 நிமிடம் 6.1 விநாடியில் ஓடி அந்தச் சாதனையைத் தமதாக்கிக்கொண்டார். 400 மீற்றருக்குச் சராசரி 72 விநாடி சொச்சம். அதனை முறியடிக்க உலகுக்கு 13 ஆண்டுகள் சென்றன.

1925இல் அமெரிக்கா சென்று ஐந்து மாதங்களில் 55 போட்டிகளில் ஓடினார். இரண்டு மைலை 9 நிமிடத்துக்குள் ஓடிக் காட்டினார். கூட்டங்கள் பெருகின, அவருக்குத் திரைமறைவில் பணம் கொடுக்கப்படுகிறது என்ற பேச்சும் பெருகியது. அந்தப் பேச்சு பிற்பாடு அவரைத் தேடி வரும்.

அம்ஸ்ரடாம் ஒலிம்பிக் விழா 1928இல் நடந்தபோது அவருக்கு 31 வயது. 10,000 மீற்றரில் தங்கமும், 5000 மீற்றரிலும் 3000 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்திலும் வெள்ளியும் கிடைத்தன. தடைதாண்டலின் முதற் சுற்றுப் போட்டியில் நீர்த்தடையில் அவர் விழுந்தபோது, லூசியன் டுக்கேன் என்ற பிரெஞ்சு வீரர் நின்று கைகொடுத்துத் தூக்கினார். யாரையும் ஏறிட்டுப் பாராத நூர்மி அதன் பின் அவருக்குத் துணையாக வேகமமைத்து முன்னே ஓடி, முடிவில் முதலிடத்தையும் அவருக்கு விட்டுக்கொடுக்க முன்வந்தார், டுக்கேன் ஏற்கவில்லை. கல்மனம் படைத்தவர் என்று அவரைப் பழித்த பத்திரிகையாளர்கள் இந்த நிகழ்ச்சியைச் சற்றே நினைத்துப் பார்த்திருக்கலாம்.

அதே ஆண்டு ஒக்ரோபர் 7ஆந் திகதி பேர்ளினில் அவர் ஓடிய ஒருமணி நேர ஓட்டமே என் கருத்தில் அவர் கலையின் உச்சம். அதில் எதிரி இல்லை. எல்லைக் கயிறும் இல்லை. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் என்பதே கேள்வி. பிரான்சின் ஜான் பூவன் 1913இல் நிறுவிய 19,021 மீற்றர் என்ற சாதனை அதுவரை நின்றது. நூர்மி 15 கிலோமீற்றரை 46 நிமிடம் 49.6 விநாடியிலும், 10 மைலை 50 நிமிடம் 15 விநாடியிலும் கடந்து, மணி முடிந்தபோது 19,210 மீற்றர் தூரத்தில் நின்றார். ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பில் மாணவரைக் கொண்டு செய்து பார்க்கலாம். முதல் 15 கிலோமீற்றரில் 400 மீற்றருக்குச் சராசரி 74.9 விநாடி. 10 மைல் வரை பார்த்தாலும் அதே 74.9. 10 மைலுக்குப் பின் எஞ்சிய 9 நிமிடம் 45 விநாடியில், மனிதர் களைத்துத் தள்ளாடவேண்டிய வேளையில், 75.1. ஒரு மணி நேரத்தில் அவர் வேகம் பிசகிய அளவு இவ்வளவே.

பயிற்சி பெற்ற ஓட்டவீரன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்கிப் பிடிக்கக்கூடிய உச்ச வேகத்தையே இன்று எல்லை வேகம் என்று கொள்கிறார்கள். அந்த வேகத்தில் 20 நிமிடமளவு இடையறாது ஓடுவதும், அல்லது சில நிமிடத் துண்டங்களாக்கிச் சிற்றிடைவெளி விட்டு ஓடுவதும் இப்போது உலகெங்கும் வழங்கும் பயிற்சிகள். அதனைப் பலநாட் பழகினால் எல்லையே மேலே நகர்கிறது. முன்பு மூச்சிரைத்த வேகம் இயல்பாகிறது. மிகையார்வத்தால் எல்லைக்கு மேலே ஓடிப் பழகுபவன் களைப்பைச் சேர்க்கிறானேயன்றிப் பயனைச் சேர்ப்பதில்லை. ஆகவேதான் இப்பயிற்சிக்குத் துணிவிலும் பார்க்க அடக்கம் கூடுதலாக வேண்டும். இளைஞருக்குக் கற்பிக்க மிகக் கடினமானதும் அதுவே.

நூர்மியின் எஞ்சிய ஆசை மரதன் ஓட்டம். 1932 ஜூன் மாதத்தில் வீபுரி நகரில் 40.2 கிலோமீற்றர் தூரத்தை 2 மணி 22 நிமிடம் 3.8 விநாடியில் ஓடித் தம் ஆயத்தத்தைக் காட்டினார். ஆனால் ஜேர்மனியில் ஓடியபோது செலவுக்கென்று மிகையாகப் பணம் பெற்றார் என்ற குற்றச்சாட்டின்பேரில், சுவீடன் நாட்டவரான சிக்பிரிட் எட்ஸ்ரோம் தலைமை தாங்கிய சர்வதேச மெய்வல்லுநர் சங்கம் ஏப்ரிலிலேயே அவரைத் தடுத்திருந்தது. தடை நீங்கும் என்ற நம்பிக்கையோடு லொஸ் ஏஞ்சல்ஸ் வரை சென்றார், பயிற்சியும் செய்தார். மரதன் ஓட வந்திருந்த வீரர்கள் அவரை அனுமதிக்குமாறு மனுச் செய்தும் பலனில்லை. ஆர்ஜென்ரீனாவின் சபாலா வென்ற அந்த ஓட்டத்தை நூர்மி வெளியே நின்று பார்க்கவேண்டியதாயிற்று. பணம் பெற்றாரா, இல்லையா என்ற விவாதத்தை இங்கு எழுப்பவேண்டியதில்லை. வசதி படைத்தோர் வகுத்த கைம்மாறு கருதா விளையாட்டு என்னும் விதி, 12 வயதில் வண்டி தள்ளியவனுக்கு ஒருபோதும் சமமாகப் பொருந்தியதில்லை என்பது மட்டும் உறுதி. உள்நாட்டில் மேலும் இரண்டாண்டு ஓடி 1934இல் ஓய்ந்தார்.

பின்னர் ஹெல்சிங்கியில் ஆடவர் ஆடைக் கடை வைத்தார்; மாடிவீடுகள் கட்டி விற்றுப் பெருஞ்செல்வரானார். அவருடைய இல்லறம் சில ஆண்டுகளே நிலைத்தது. 1940இல் சோவியத் படைகள் பின்லாந்தைத் தாக்கிய வேளையில், 10,000 மீற்றரை 30 நிமிடத்துக்குள் முதன்முதல் ஓடிய தைஸ்தோ மாக்கியுடன் அமெரிக்கா சென்று நாட்டுக்காக நிதி திரட்டினார்.

தம் பயிற்சியைப் பற்றி அவர் முதுமையிற் கூறிய தீர்ப்புக் கடுமையானது. நெடுநடையிலும் மெதுவான நீண்ட ஓட்டத்திலும் தம் இளமைக்காலத்தை ஒருதலையாகச் செலவழித்துவிட்டதாகவும், விரைவுப் பயிற்சியைத் தொடக்கத்திலேயே சேர்த்திருக்க வேண்டும் என்றும் அவர் கருதினார். 22 உலக சாதனைகளுக்குப் பின்னும் தம் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்த மனிதர் அவர்.

1952 ஜூலை 19ஆந் திகதி ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவின் தொடக்கத்தில், மழையில் நனைந்த மைதானத்துக்குள் தீப்பந்தம் ஏந்தி ஒருவர் ஓடிவந்தார். வழுக்கை விழுந்த 55 வயது மனிதர். நடையின் வீச்சு மாத்திரம் மாறவில்லை. ஓடுபவர் யாரென்று அறிந்ததும் அணிவகுத்து நின்ற வீரர்கள் வரிசை குலைந்து ஓட்டத்தடத்தை நோக்கி நெருங்கினர். கீழே இருந்த கொப்பரையை அவர் ஏற்ற, கோபுரத்தின் மேலிருந்ததை ஏற்றியவர் கோலெமைனன். நம் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் இலங்கையின் சார்பிற் கலந்துகொண்ட விழா அது. செக்கோசிலவாக்கியாவின் எமில் சாத்தோபெக் 5000, 10,000 மீற்றர் ஓட்டங்களோடு, நூர்மிக்கு மறுக்கப்பட்ட மரதனையும் வென்றதும் அங்கேதான்.

1950களின் இறுதியிலிருந்து இருதய நோய் நூர்மியை வாட்டியது. 1968இல் தம் செல்வத்தைக்கொண்டு இருதய நோய் ஆராய்ச்சிக்கென ஓர் அறநிதியம் நிறுவினார். 1973 ஒக்ரோபர் 2ஆந் திகதி ஹெல்சிங்கியிற் காலமானார். அரச மரியாதையுடன் இறுதிக் கிரியைகள் நடந்தன. உடல் தூர்க்குவுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டது.